மீள்வருகை, பின்னடைவு, ஓய்வு: யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட் ரசிகர்களும் வீரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாசி, பங்குனி வந்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். ஒன்று, இலங்கை அணியில் யார் திரும்பி வருகிறார், யார் ஓய்வு பெறுகிறார் என்பது. மற்றது, நம்முடைய பெடியனுக்கு முதுகு நோகிறதே, பெரும்போட்டிக்கு (பாடசாலைகள் வருடாவருடம் மோதும் பெரிய ஆட்டம்) முதல் சரிவருமா என்பது. இரண்டும் ஒரே விடயந்தான் என்பதால் இரண்டுக்குமான பதில்களை ஒன்றாகவே தந்திருக்கிறோம்.

மீள்வருகை எல்லாம் ஒரே வகையா?

இல்லை. எந்தக் காரணத்தால் ஒருவர் வெளியே போனார் என்பதை வைத்துத்தான் அவர் திரும்பும் வழியைச் சொல்லலாம். உடல் உடைந்து போனவருக்கு முதல் மருந்து காலம். ஓட்டம் வராமல் நீக்கப்பட்டவர் காலத்தை மட்டும் நம்பினால் ஒன்றும் நடக்காது, ஏதாவது மாற வேண்டும். தடை விதிக்கப்பட்டவர் முதலில் அந்தத் தடை விவகாரத்தை முடித்துக்கொள்ளவேண்டும்.

உடலுக்கு நல்ல உதாரணம் பற் கம்மின்ஸ். 2011 நவம்பரில் 18 வயதில் ஜொகனஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் முதுகெலும்பு திரும்பத் திரும்ப வெடித்தது. எலும்பு முதிரும் வரை வேறு வழி இருக்கவில்லை.

தடைக்கு உதாரணம் குசல் பெரேரா. 2015 டிசம்பரில் ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவொன்றால் நியூஸிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அந்த முடிவு நிலைக்கவில்லை, 2016 மே மாதம் குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. செய்யாத பிழைக்கு ஐந்து மாதம். 2019 பெப்ரவரியில் டேர்பனில் விஷ்வ பெர்னாண்டோவைக் கடைசி விக்கெட்டுக்கு வைத்துக்கொண்டு 78 ஓட்டங்களைச் சேர்த்து, 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று டெஸ்டை வென்று தந்தவர் அதே ஆள். இலங்கை வீரர்கள் நாலாம் இன்னிங்ஸில் ஆடியவற்றுள் இதைவிடப் பெரியது இல்லை என்பது எங்கள் எண்ணம்.

மாவன் அத்தபத்துவின் கதை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மையில் என்ன இருக்கிறது?

எண்களை அப்படியே பாருங்கள். 1990இல் சண்டிகரில் முதல் டெஸ்ட்: 0, 0. 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக: 0, 1. 1994இல் மீண்டும் இந்தியாவுக்கு எதிராக: 0, 0. ஆறு இன்னிங்ஸ், ஒரு ஓட்டம். பிறகு 1997 வரை டெஸ்ட் அணியில் இடமில்லை. அந்த வருடம் மொஹாலியில், அதாவது முதல் டெஸ்ட் ஆடிய ஊருக்குப் பக்கத்திலேயே, முதற் சதம். ஓய்வு பெறும்போது 90 டெஸ்ட், 16 சதம், அவற்றில் ஆறு இரட்டைச் சதம்.

பலர் இதைப் பொறுமையின் கதையாகச் சொல்வார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது இடைவெளிகள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு, மூன்று வருடம் கழக மட்டத்தில் ஓட்டம் சேர்த்துக்கொண்டே இருந்தார். உள்ளூரில் ஓட்டம் இல்லாவிட்டால் தேர்வுக்குழு மூன்றாம் முறை, நாலாம் முறை திரும்பிப் பார்த்திருக்காது. அணியில் இல்லாத நாட்களில் எடுத்த ஓட்டந்தான் அவரைத் திரும்பக் கொண்டு வந்தது.

மகனுக்கு 16 வயது, வேகப்பந்து வீசுகிறான். முதுகில் ஒரு பக்கம் மட்டும் நோகிறது என்கிறான். தைலம் பூசினால் போதுமா?

போதாது. இந்தக் கேள்விக்கே இந்தப் பக்கத்தில் அதிக இடம் தருகிறோம், ஏனென்றால் இங்கே கெட்டுப்போகும் திறமையில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கெடுகிறது.

இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பின் ஒரு பக்கத்தில், பந்துவீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் (வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்) நோ வந்து, பின்னுக்கு வளையும்போது கூடினால், முள்ளெலும்பில் நுண்வெடிப்பு இருக்கலாம் என்று எண்ணியே நடக்கவேண்டும். பெரும்பாலும் இது கீழே உள்ள நாலாம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளில் வரும். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம்: ஒற்றைக் காலில் நிற்கவிட்டு மெதுவாகப் பின்னுக்கு வளையச் சொல்லுங்கள். அதே இடத்தில் நோ குத்தினால் அன்றோடு பந்துவீச்சை நிறுத்துங்கள். நோ வராவிட்டாலும் பயமில்லை என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் வைத்தியரைப் பார்ப்பதுதான் வழி.

ஆரம்ப நிலை வெடிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. “எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை” என்று திரும்ப மைதானத்துக்கு அனுப்புவதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் வெடிப்புக்கு முந்திய எலும்பு வீக்கமே தெரிந்துவிடும். போதனா வைத்தியசாலை எலும்பியல் கிளினிக்குக்குப் போகும்போது “வேகப்பந்து வீசுகிறான், வாரத்துக்கு இத்தனை பந்து” என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். வெறும் “முதுகு நோ” என்றால் அது வேறு விதமாகப் பார்க்கப்படும். நோவுக் குளிசை போட்டுக்கொண்டு பந்துவீச விடவே கூடாது. குளிசை நோவை மறைக்கும், எலும்பை ஒட்டாது.

ஏன் இங்கே இது அடிக்கடி வருகிறது? முதலாவது, பருவம். ஐப்பசி, கார்த்திகை மாரி மழையில் மைதானம் கிடையாது. அந்த நேரம் வீச்சு ஏறத்தாழப் பூச்சியம். தை பிறந்ததும் பயிற்சி, மாசி பங்குனியில் பெரும்போட்டிகள். ஆறு வாரத்துக்குள் பூச்சியத்திலிருந்து உச்சிக்கு ஏறினால் எலும்பு தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது. இரண்டாவது, தரை. கொங்கிறீற்றின் மேல் விரித்த மற்றிங்கில் (ஆடுகளப் பாயில்) முன்கால் ஊன்றும்போது உடல் எடையின் பல மடங்கு விசை திரும்பி ஏறும், புற்தரை போல அது உள்வாங்காது. மூன்றாவது, வீச்சு முறை. இடுப்பு துடுப்பாட்டக்காரரைப் பார்த்து நிற்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்புகிற கலப்பு முறை முதுகை முறுக்கும். பயிற்றுநர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நாலாவது, நல்லவனை விடாமல் வீசவைப்பது. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை இளையோருக்கு வைத்திருக்கும் எல்லை இது: 13 வயதுக்குட்பட்டோர் ஒரு தொடரில் (ஓய்வில்லாமல் ஒரே முனையிலிருந்து வீசும் ஓவர்கள்) 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதுப் பிரிவுகள் 6, 12. 16 முதல் 19 வரை 7, 18. தொடர் முடிந்ததும் அதே முனையில் அத்தனை ஓவர் போகும்வரை ஓய்வு. மூன்று நாள் போட்டியில் ஒரு பெடியன் காலையில் மட்டும் 14 ஓவர் தொடர்ந்து வீசினால் கைதட்டுகிறோம். தலைவனுக்கு இந்த எண்களைக் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

வெடிப்பு என்று உறுதியாகிவிட்டது. எத்தனை மாதம்? திரும்பத் தொடங்குவது எப்படி?

பந்துவீச்சே இல்லாத காலம் சாதாரணமாக நாலைந்து மாதம். போட்டிக்குத் திரும்ப ஆறிலிருந்து ஒன்பது மாதம். இந்த வருடப் பெரும்போட்டி போய்விட்டது என்று அன்றே ஏற்றுக்கொள்வது பெடியனுக்கும் நல்லது, தகப்பனுக்கும் நல்லது.

வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் அனுமதித்த பிறகு நாங்கள் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரம் மூன்றடி நடந்துவந்து அரைவேகத்தில் 12 பந்து. இரண்டாம் வாரம் 18. மூன்றாம் வாரம் அரை ஓட்டத்தோடு 24. நாலாம் வாரம் 30. ஐந்தாம் வாரம் முழு ஓட்டம், ஆனால் வேகம் எண்பது வீதம், 36 பந்து. ஆறாம் வாரம் முழுவேகம், 42 பந்து, எதிரே துடுப்பாட்டக்காரர் நிற்கலாம். அடுத்தடுத்த இரண்டு நாள் வீசுவது ஏழாம் வாரத்துக்கு முதல் வேண்டாம். எட்டாம் வாரம் பயிற்சிப் போட்டி: மூன்று ஓவர், நீண்ட இடைவேளை, பிறகு மூன்று ஓவர்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வாராந்த எண்ணிக்கை முந்திய வாரத்தைவிடக் கால்பங்குக்கு மேல் கூடக்கூடாது. பழைய இடத்தில் அன்று இரவோ மறுநாள் காலையோ நோ வந்தால் ஒரு வாரம் பின்னுக்குப் போங்கள். இரண்டாம் முறையும் வந்தால் மைதானத்தை விட்டு வைத்தியரிடம். ஒரு கொப்பியில் திகதி, பந்து, நோ (பூச்சியத்திலிருந்து பத்துவரை) என்று மூன்று நிரல் போட்டு எழுதுங்கள். ஞாபகத்தை நம்பினால் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள்.

மற்றிங்கில் ஆணிச் சப்பாத்து வேண்டாம். ரப்பர் அடியும் குதியில் மெத்தையும் உள்ளது போடுங்கள். முடிந்தால் முதல் நாலு வாரமும் புல் உள்ள ஓரத்தில் வீசுவது நல்லது.

லக்ஷ்மிபதி பாலாஜியை நினைவிருக்கும். 2004இல் பாகிஸ்தானில் கொண்டாடப்பட்டவர், முதுகு வெடித்து வருடக்கணக்கில் வெளியே இருந்தார். வீச்சு முறையை மாற்றிக்கொண்டு வந்து 2008இல் சென்னைக்காக ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹற்-றிக்கை (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) எடுத்தார். பழைய வேகம் இல்லை. ஆனால் வேறொரு நல்ல பந்துவீச்சாளர் நின்றார்.

தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டது. இரண்டு வாரம் போதுமா?

இலேசான இழுவை என்றால் இரண்டு, மூன்று வாரம். நாளை எண்ணாமல் வேலையைப் பாருங்கள்: முழுவேகத்தில் 30 மீற்றர் நாலு தரம் ஓடி, திடீரென நின்று திரும்பி, மறுநாள் காலையிலும் இறுக்கம் இல்லாவிட்டால் ஆடலாம். நடக்கும்போது நோ இல்லை என்பது அத்தாட்சி அல்ல. இந்தத் தசை ஒருமுறை கிழிந்தால் அதே இடத்தில் திரும்பக் கிழியும் குணமுள்ளது.

தலையில் பந்து பட்டது, “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறான். விடலாமா?

அன்று விடக்கூடாது. தலைச்சுற்று, மறதி, வாந்தி, வெளிச்சம் கூசுவது எதுவும் உடனே வரவேண்டும் என்றில்லை, மணிக்கணக்கின் பிறகும் வரலாம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுப்பக் கடினமாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அறிகுறி அடங்கிய பிறகு மெதுநடை, இலேசான ஓட்டம், தனிப் பயிற்சி, வலைப் பயிற்சி, போட்டி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். 2019 ஆகஸ்ட் முதல் சர்வதேசப் போட்டிகளில் இதற்கென மாற்று வீரரையே அனுமதிக்கிறார்கள். பட்ட தலைக்கவசத்தை அடுத்த பெடியனுக்குக் கொடுக்காதீர்கள். வெடிப்புத் தெரியாவிட்டாலும் அதன் வேலை முடிந்தது.

உபாதையிலிருந்து தேறும் காலத்தில் மென்பந்து ஆடினால் என்ன?

பலருடைய மீள்வருகை கெடுவது இதில்தான். பந்து பாரமில்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பாரமில்லாத பந்தை வேகமாக எறிய முழங்கையும் தோளும் அதிகம் சுழட்டவேண்டும். அதோடு சனி, ஞாயிறு சுற்றுப்போட்டியில் ஒரே நாளில் நாலு ஆட்டம் வரும். அவற்றில் வீசிய பந்துகளை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை. தேறும் காலத்தில் துடுப்பாட மட்டும் போங்கள், அதுவும் நோ இல்லாவிட்டால்.

உடம்பில் ஒன்றுமில்லை, ஓட்டந்தான் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் கடைசிப் பத்து இன்னிங்ஸில் எப்படி ஆட்டமிழந்தீர்கள் என்று எழுதுங்கள். ஆறு தரம் ஒரே விதமாக என்றால் அது நுட்பப் பிழை, திருத்தலாம். பத்தும் பத்து விதம் என்றால் நுட்பத்தைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் அவசரம் அல்லது களைப்பு.

இங்கே ஒரு தனிக் காரணமும் உண்டு. மற்றிங்கில் பந்து ஒரே சீராக எழும்பும். அதில் பழகிய கை, புற்தரையில் பந்து தாழ்ந்தோ நின்றோ வரும்போது முன்கூட்டியே மட்டையை வீசிவிடும். கொழும்புக்கு ஆடப்போய் முதல் மூன்று போட்டியில் ஓட்டம் இல்லாமல் திரும்பும் பெடியன்கள் பலருக்கு நடப்பது இது. போவதற்கு இரண்டு வாரம் முதல், பத்து யார் (கெஜம்) தூரத்திலிருந்து கீழ்க்கையால் எறியும் பந்துகளை நாளுக்கு 60 தரம், கண்ணுக்கு நேர் கீழே வரும்வரை காத்திருந்து ஆடிப் பழகுங்கள். ஒரே நேரத்தில் பிடி, நிலை, மட்டை மூன்றையும் மாற்றவேண்டாம். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

வீச்சுமுறை சந்தேகம் என்று தடை வந்தால் திரும்ப முடியுமா?

முடியும். முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது விதி. கை தோள்மட்டத்துக்கு வரும் நேரத்திலிருந்து பந்து விடுபடும் வரைக்கும் அளப்பார்கள். முத்தையா முரளிதரன் 1995 மெல்பேர்ன் டெஸ்டில் எறிகிறார் என்று நோபோல் சொல்லப்பட்டு, ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டவர். அகில தனஞ்சய 2018 டிசம்பரில் தடைசெய்யப்பட்டு, 2019 பெப்ரவரியில் அனுமதி பெற்று, அதே வருடம் மீண்டும் சிக்கினார். இரண்டு வருடத்துக்குள் இரண்டாம் தடை என்றால் தானாகவே 12 மாதம். 2021 மார்ச்சில் திரும்பி வந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஹற்-றிக் எடுத்தார். அதே போட்டியில் பொல்லார்ட் அவருடைய ஓவரில் ஆறு சிக்ஸரும் அடித்தார். பள்ளிக்கூடத்தில் சந்தேகம் வந்தால் கைத்தொலைபேசியில் மெதுவேகக் காணொளியை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்துப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். 15 வயதில் திருத்துவது 22 வயதில் திருத்துவதைவிட மிக எளிது.

மாலிங்க டெஸ்டை விட்டது சரியா?

சரி என்றே சொல்கிறோம். 30 டெஸ்ட், 101 விக்கெட்டோடு 2011 ஏப்ரலில், முழங்காலைக் காரணம் காட்டி விட்டார். அப்போது பணத்துக்காக என்று பேசியவர்கள் அதன் பிறகு நடந்ததைப் பார்க்கவேண்டும். 2014 ஏப்ரலில் டாக்காவில் இருபதுக்கு 20 உலகக்கிண்ணத்தைத் தலைவராக ஏந்தினார். 2019 உலகக்கிண்ணத்தில் ஹெடிங்லியில் இங்கிலாந்தை வீழ்த்திய நாளில் 43 ஓட்டத்துக்கு 4 விக்கெட். அதே வருடம் செப்டெம்பரில் பல்லேகலவில் நியூஸிலாந்துக்கு எதிராக நாலு பந்தில் நாலு விக்கெட். ஒரு நாளில் 20 ஓவர் தாங்காத முழங்கால் நாலு ஓவரையும் பத்து ஓவரையும் இன்னும் எட்டு வருடம் தாங்கியது. எதைக் கைவிடுவது என்று தெரிந்தவர்தான் நின்று ஆடுகிறார்.

ஓய்வை அறிவித்தவர் திரும்ப வரலாமா? விதி என்ன?

அணிக்குத் திரும்புவதற்குத் தனித் தடை எதுவும் இல்லை, தேர்வுக்குழு எடுத்தால் ஆடலாம். சனத் ஜயசூரிய 2006இல் டெஸ்டிலிருந்து ஓய்வென்று சொல்லி, அதே வருடம் இங்கிலாந்தில் திரும்ப ஆடினார். ஆனால் சர்வதேச ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருந்து ஓய்வு பெற்றவர் திரும்புவதானால் ஆறு மாதத்துக்கு முதல் எழுத்தில் அறிவித்துப் பரிசோதனைக்குத் தயாராக இருக்கவேண்டும்.

இலங்கையில் 2022 ஜனவரியில் பானுக ராஜபக்ஷ ஓய்வுக் கடிதம் கொடுத்து, பத்து நாளில் மீளப்பெற்றார். அந்தச் சூழலில்தான் கிரிக்கெட் சபை, ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவித்தல் வேண்டும், வெளிநாட்டு லீக் அனுமதிக் கடிதம் ஓய்வுக்கு ஆறு மாதத்தின் பின்னரே என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவர் போயிருந்தால் அந்த வருடம் செப்டெம்பரில் துபாயில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் எடுத்த 71 ஓட்டங்கள் எங்களுக்குக் கிடைத்திருக்காது. கோபத்தில் எழுதிய கடிதத்தை மீளப்பெறுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒருவருடைய உபாதை மற்றவருக்கு வாய்ப்பு என்பது உண்மையா?

உண்மை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 ஐ.பி.எல்.இல் ஹைதராபாத் அணிக்குள் போனது, குதிக்கால் உபாதையால் வனிந்து ஹசரங்க விலகிய இடத்தில். ஆனால் கதவு திறந்த நாளில் அவர் ஏற்கெனவே இலங்கையின் இருபதுக்கு 20 லீக்கான எல்.பி.எல்.இல் யாழ்ப்பாண அணிக்காகச் சில பருவங்கள் வீசியிருந்தார்.

எப்போது ஓய்வு பெறுவது அழகு?

முரளியின் முடிவைப் போல இன்னொன்று இல்லை. 792 விக்கெட்டோடு, இதுவே கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 2010 ஜூலையில் காலியில் இறங்கினார். எட்டு விக்கெட் வேண்டும், இடையில் மழையும் குறுக்கிட்டது. கடைசி இந்திய விக்கெட்டாக ஓஜா, மஹேலவின் கையில் பிடி கொடுத்தார். 800. எட்டு விக்கெட்டுக்காக இன்னொரு தொடர் கேட்டிருக்கலாம், யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். கேட்கவில்லை. அரவிந்த டி சில்வா 2002இல் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 206 எடுத்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் அப்படி அமையாது. மெல்பேர்னில் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே தோனி டெஸ்டை விட்டார். 537 விக்கெட் எடுத்த அஷ்வின் 2024 டிசம்பரில் பிறிஸ்பேனில், தொடரின் நடுவே விடைபெற்றார். வழியனுப்பும் போட்டி இல்லாததால் அந்த விக்கெட்டுகள் குறைந்து போவதில்லை. இன்னும் ஆடியிருக்கலாமே என்று மற்றவர் சொல்லும் நேரத்தில் போவதுதான் நல்லது என்ற கருத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆட ஆசையும், அணியில் இடம்பெறத் தக்க ஆட்டமும் இருக்கும்வரை ஆடலாம்.

உபாதையால் வெளியேறியவர் திரும்பத் துடுப்பாடலாமா?

ஆடலாம். உபாதை, சுகவீனம் என்றால் புள்ளித்தாளில் “ஓய்வு, ஆட்டமிழக்கவில்லை”. வேறு காரணத்துக்காக வெளியேறினால், எதிரணித் தலைவர் சம்மதித்தால் மட்டுமே திரும்பலாம், இல்லாவிட்டால் அது ஆட்டமிழப்பு. 2001இல் கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிராக அத்தபத்து 201இலும் மஹேல 150இலும் மற்றவர்களுக்கு இடம்விட்டு வெளியேறியபோது இருவருக்கும் ஆட்டமிழப்பு என்றே எழுதப்பட்டது. உபாதைப்பட்ட துடுப்பாட்டக்காரருக்காக ஓடும் பதிலோட்டக்காரரைச் சர்வதேசப் போட்டிகளில் 2011இல் நிறுத்திவிட்டார்கள். கழகப் போட்டியில் உங்கள் சுற்றுப்போட்டி விதியைப் பாருங்கள்.

பாடசாலையோடு நின்றுவிட்டேன். இப்போது 24 வயது. கழகத்தில் திரும்பத் தொடங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் அதிகம் பேர் ஓய்வு பெறும் வயது 19. உயர்தரப் பரீட்சைக்கு ரியூசன், பிறகு கம்பஸ், வேலை அல்லது வெளிநாடு. அறிவித்தலும் இல்லை, வழியனுப்பலும் இல்லை. எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தரும் ஓய்வு இதுதான். 24 என்பது திரும்புவதற்கு நல்ல வயது, ஏனென்றால் எலும்பு இப்போது முதிர்ந்திருக்கிறது.

மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் மைதானத்துக்கே போகவேண்டாம்: வாரம் மூன்று நாள் 20 நிமிட ஓட்டம், இரண்டு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் பலப் பயிற்சி. தோளுக்கு, 15 மீற்றரில் 20 எறிதலில் தொடங்கி, நாலாம் வாரம் 30 மீற்றரில் 40. இரண்டாம் மாதம் வலைப் பயிற்சி. வேகப்பந்து வீசுபவர் மேலே சொன்ன 12 பந்து ஒழுங்கிலேயே தொடங்கவேண்டும், பழைய ஞாபகத்தில் முதல் நாளே ஆறு ஓவர் வீசக்கூடாது. மூன்றாம் மாதம் கழகத்தின் இரண்டாம் அணிக்குக் கேளுங்கள். மாவட்டக் கிரிக்கெட் சங்கப் போட்டிகளுக்கு வீரர் பதிவு பருவத்துக்கு முன்னரே முடிந்துவிடும். ஆகவே மாரி தொடங்க முதலே கழகச் செயலாளரைக் கண்டு பெயரைக் கொடுத்துவிடுங்கள், அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுபோங்கள்.